ஆறு வயசுப் பிள்ளை சொன்னதை ‘இனவாதச் சம்பவம்’ எண்டு எழுதலாமோ?

வடலி (செவ்வாய், இரவு 9.40)

மனம் சரியில்லாமல் எழுதுறன். நாங்கள் லண்டனில ஹரோப் பக்கம். மகன் இயர் டூ, இப்பதான் ஆறரை வயசு. இண்டைக்குப் பின்னேரம் கூட்டிக்கொண்டு வரப் போகேக்க ரீச்சர் “ரெண்டு நிமிசம் உள்ள வாங்கோ” எண்டு கூப்பிட்டா. பிளேடைமில எல்லாரும் கை கோத்து வட்டமா நிண்டவையாம். இவன் பக்கத்தில நிண்ட பிள்ளையின்ர கையைப் பிடிக்க மாட்டன் எண்டிட்டானாம். “உன்ர கறுப்பு என்னில ஒட்டிடும்” எண்டும் சொன்னவனாம். அந்தப் பிள்ளையின்ர தாய் தகப்பன் கானாவில இருந்து வந்தவை. அந்தப் பிள்ளை, கை கழுவுற இடத்தில போய் நிண்டு கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிக்கொண்டிருந்ததைத்தான் சாப்பாட்டு நேரம் பிள்ளையளைப் பாக்கிற டின்னர் லேடி முதலில கண்டவவாம்.

அதை ‘இனவாதச் சம்பவம்’ எண்டு பதிஞ்சிருக்கினம். கடிதம் வருமாம், கையெழுத்துப் போட்டுக் குடுக்கவேணுமாம். வியாழக்கிழமை ஹெட் ரீச்சரோட சந்திப்பு. அவன் செய்தது பிழைதான், அதில எனக்கு மறுப்பில்லை. ஆனா ஆறு வயசுப் பிள்ளைக்கு இனவாதம் எண்டா என்னெண்டு தெரியுமோ? நாங்களும் கறுப்புத்தானே. 83 கலவரத்தில எங்கட அப்பாவின்ர வீடு கொழும்பு வெள்ளவத்தையில எரிஞ்சது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு இப்பிடி ஒரு பெயரோ? கையெழுத்துப் போடாத எண்டு இவர் சொல்றார். என்ன செய்யலாம்?

குரொய்டன் மணி (செவ்வாய், இரவு 10.15)

தங்கச்சி, போடாதேங்கோ. நான் 1989ல இந்த நாட்டுக்கு வந்தனான். பஸ் தரிப்பிடத்தில ‘பாக்கி’ (பாகிஸ்தான்காரன் எண்டு இழிவாச் சொல்றது) எண்டு கூப்பிட்டுத் துப்பினவங்களை ஆரும் எந்தப் பதிவேட்டிலயும் எழுதேல்லை. என்ர மூத்தவன் இயர் ஃபோரில படிக்கேக்க மூண்டு பெடியள் அவன்ர சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு மேசையைச் சுத்தி ஓடுவாங்கள். ஒரு தவணை முழுக்க அவன் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்தவன். நான் போய் முறையிட்டன். “சிநேகிதப் பிள்ளையளுக்குள்ள சின்னப் பிரச்சினை” எண்டு எழுதி முடிச்சிட்டினம். இப்ப எங்கட பிள்ளை ஒரு சொல்லுச் சொன்ன உடன பெரிய பெயர் வைச்சு எழுதுகினம்.

இந்த நாட்டுச் சட்டம் பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையைக் குற்றவாளியாக்காது. கொலை செய்தாலும் ஆக்காது. பள்ளிக்கூடம் மட்டும் ஆறு வயசில முத்திரை குத்துமோ? கொம்பியூட்டரில ஏறின பெயர் இலேசில இறங்காது.

சோக்குக்கட்டி (புதன், காலை 6.50)

நான் ஒரு தொடக்கப் பள்ளியில் 11 வருடமாக உதவி ஆசிரியையாக இருக்கிறேன். மணி அண்ணா சொன்ன சாப்பாட்டுப் பெட்டி விஷயத்தைப் படித்ததும் வயிறு எரிந்தது. ஆனால் அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை.

பதிவேட்டில் எழுதுவது ‘இந்தப் பிள்ளை இனவெறியன்’ என்று அல்ல. என்ன சொல்லப்பட்டது, யாருக்கு, எங்கே, எத்தனை மணிக்கு, பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் எழுதுகிறோம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1993 ஏப்ரல் 22 அன்று லண்டன் எல்தமில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸை இனவெறியில் குத்திக் கொன்றார்கள். போலீஸ் அந்த வழக்கை எப்படிக் கோட்டை விட்டது என்று விசாரித்த மக்பர்சன் அறிக்கை 1999 பிப்ரவரியில் வந்தது. 70 பரிந்துரைகள். பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறி என்று உணர்ந்தால் அதை இனவெறிச் சம்பவமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒன்று. பள்ளிகள் இப்படிப்பட்டவற்றைப் பதிந்து பெற்றோருக்கும் கவர்னர்கள் என்னும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் உள்ளாட்சியான கவுன்சிலுக்கும் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. செய்தவனின் நோக்கத்தை அளப்பதை விட்டுவிட்டு, பட்டவரின் பேச்சை முதலில் கேள் என்றார்கள்.

இன்றைக்கு இங்கிலாந்தில் இவற்றைக் கவுன்சிலுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஆனால் 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு அரசுப் பள்ளிகளைக் கட்டும். பாகுபாட்டை ஒழிப்பது, சம வாய்ப்பை வளர்ப்பது, பல தரப்பினருக்கும் இடையே நல்லுறவை வளர்ப்பது ஆகிய மூன்றையும் மனதில் வைத்தே பள்ளி நடக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று எழுதி வைக்காமல் இதை எப்படிச் செய்வது?

எழுதி வைத்ததால் எங்களுக்கு ஒரு உண்மை தெரிந்தது. ஒரே தவணையில் ஐந்து பதிவுகள், வேறு வேறு பிள்ளைகள். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஐந்தும் சாப்பாட்டு நேரத்தில், ஏறி விளையாடும் கம்பிச் சட்டத்துக்குப் பின்னால். அங்கே நின்றால் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாது. மறுநாளே ஒருவரை அங்கே நிறுத்தினோம். எழுதாமல் இருந்திருந்தால் அது ஐந்து தனித்தனிச் சண்டையாகவே போயிருக்கும்.

கையெழுத்தைப் பற்றி: எங்கள் பள்ளியில் அது ‘கடிதம் கிடைத்தது’ என்பதற்கு மட்டும்தான். உங்கள் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

சுடர்விழி (புதன், காலை 8.20)

வடலி அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் அந்தக் கானாக் குழந்தையோட அம்மா பக்கத்துல நின்னு பேசறேன்.

நாங்க விழுப்புரம் பக்கம், இப்ப ஈஸ்ட்ஹாம். என் பொண்ணு என்னை மாதிரியே நல்ல கறுப்பு. இயர் ஒன்ல ‘என்னை நானே வரையறேன்’னு ஒரு படம் வரையச் சொல்லியிருக்காங்க. தன் முகத்துக்கு வெளிர் ஆரஞ்சு கலர் அடிச்சிருந்தா. ஏன்டா கண்ணு, உன் கலர் பிரவுன் கிரேயான் இருக்கே அப்படின்னு கேட்டேன். “அது அழுக்குக் கலர்மா, அவங்க சொன்னாங்க”ன்னா. அவங்கன்னா யாரு? வெள்ளைக்காரப் பசங்க இல்லை. கூடப் படிக்கிற ரெண்டு தமிழ்ப் பசங்க. கேட்ல அவங்க அம்மாகிட்டச் சொன்னேன், சின்னப் பசங்கதானேன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. எழுதி வைக்கச் சொல்லலாம்னு எனக்கு அப்போ தெரியாது. ரெண்டு வருஷம் அவ அரைக்கைச் சட்டையே போடலை. ஜூன் மாசத்துலயும் கார்டிகன்.

அக்கா, உங்க பதிவுல உங்க பையன் பேருக்கு என்ன ஆகும்னுதான் நிறைய இருக்கு. கை கழுவிக்கிட்டு நின்ன குழந்தை ஒரே வரியில போயிடுச்சு.

குரொய்டன் மணி (புதன், மதியம் 12.05)

சுடர்விழி, உங்கட மகளுக்கு நடந்தது கொடுமை. அதை நான் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா அறியாப் பருவம் எண்டு ஒண்டு இருக்கு. மை ஒட்டும், சேறு ஒட்டும், நிறமும் ஒட்டும் எண்டு ஒரு பிள்ளை நினைக்கிறது இனவாதமில்லை. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பக்கத்தில இருத்தி, ரெண்டு பேரின்ர கையையும் தண்ணியில நனைச்சுக் காட்டினால் முடிஞ்சுது. அதுக்குக் கடிதம், படிவம், சந்திப்பு எல்லாம் வந்தால் பிள்ளை என்ன படிக்கும்? கறுப்புப் பிள்ளையளோட சேர்ந்தால் பிரச்சினை வரும் எண்டுதான் படிக்கும்.

நெல்லைக்காரன் (புதன், மதியம் 1.30)

அறியாப் பருவம்தான், ஆனா அறியாமலே அதுக்குள்ள ஒரு தராசு உருவாகியிருக்கும். 1940கள்ல அமெரிக்காவுல கென்னத் கிளார்க், மேமி கிளார்க்னு ஒரு தம்பதி, ரெண்டு பேரும் உளவியலாளர்கள், நிறம் மட்டும் மாறின பொம்மைகளை 3லேருந்து 7 வயசு வரைக்கும் உள்ள கறுப்பினக் குழந்தைங்ககிட்ட காட்டினாங்க. நல்ல பொம்மை எதுன்னு கேட்டா பெரும்பாலான குழந்தைங்க வெள்ளைப் பொம்மையைக் காட்டுச்சு. பள்ளிகள்ல இனவாரியாப் பிரிச்சு வைக்கிறது செல்லாதுன்னு 1954ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புலயும் இந்த ஆய்வு இடம்பெற்றுச்சு. ஆறு வயசுல ஒண்ணும் தெரியாதுங்கறதை என்னால ஏத்துக்க முடியலை.

இன்னொண்ணு. நாம சனிக்கிழமை நடத்துற தமிழ்ப் பள்ளியில என் பையன்கிட்ட இன்னொரு பையன் “உங்க ஊர்ல எந்தத் தெரு”ன்னு கேட்டிருக்கான். எட்டு வயசு. லண்டன்ல பிறந்தவன். சமத்துவச் சட்டத்துல சாதியையும் சேர்க்கணும்னு 2013ல இந்த நாட்டு நாடாளுமன்றம் சொல்லுச்சு, 2018ல அரசு சேர்க்கப் போறதில்லைன்னு கைவிட்டுடுச்சு. அதை எந்தப் பதிவேட்டுல எழுத?

குரொய்டன் மணி (புதன், மதியம் 1.50)

சாதிக் கதை வேற திரியில கதைப்பம், தம்பி. அதில நான் உங்கட பக்கம். இஞ்ச இந்தப் பிள்ளையின்ர விசயத்தைப் பாப்பம்.

கடலோடி (புதன், பின்னேரம் 4.10)

வடலி அக்கா, ஒண்டு கேக்கிறன். வீட்டில ஆபிரிக்க ஆக்களைச் சொல்ல ‘காப்பிலி’ எண்ட சொல்லுப் பாவிக்கிறனீங்களோ?

குரொய்டன் மணி (புதன், பின்னேரம் 4.25)

அது கெட்ட வார்த்தையில்லை. ஊரில அந்த ஆக்களுக்கு இருந்த பெயர் அதுதான். புத்தளத்தில இண்டைக்கும் அந்தச் சமூகம் இருக்கு.

கடலோடி (புதன், பின்னேரம் 5.00)

இருக்கு அண்ணை. போர்த்துக்கேயர் ஆபிரிக்காவில இருந்து படைக்கும் கூலிக்கும் எண்டு கொண்டுவந்து இறக்கின ஆக்களின்ர வழி அவை. காப்பிரி, காப்பிலி எல்லாம் ‘காஃபிர்’ எண்ட அரபுச் சொல்லில இருந்து போர்த்துக்கேயரின்ர வாய் வழியா எங்களிட்ட வந்தது. அதே சொல்லைத்தான் தென்னாபிரிக்காவில வெள்ளையர் அடிமட்டத்தில வைச்சுக் கூப்பிடப் பாவிச்சவை. அங்க 2018ல கறுப்பினப் பொலிஸ்காரரை அந்தச் சொல்லால திட்டின ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பினவை.

புத்தளத்தில அது ஒரு சமூகத்தின்ர பெயராயே இருக்கட்டும். லண்டனில நாங்கள் அதை என்ன தொனியில சொல்றம்? “ஒரு காப்பிலி பின்னால வந்தவன், பையைக் கவனமாப் பிடி.” இந்த வசனத்தை நான் எத்தனை கொண்டாட்டத்தில கேட்டிருக்கிறன். மேசைக்குக் கீழ விளையாடுற பிள்ளையளுக்கும் காது இருக்கு.

வடலி (புதன், இரவு 10.30)

பகல் முழுக்க வாசிச்சுக்கொண்டு இருந்தனான். சுடர்விழி, கோவமில்லை. நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியைத் திரும்பிப் போய்ப் பாத்தன். உண்மைதான்.

மகனைக் குளிக்க வார்க்கேக்க மெதுவாக் கேட்டன், ஒட்டும் எண்டு உனக்கு ஆர் சொன்னது எண்டு. “நீங்கள்தானே அம்மா” எண்டான். போன கோடையில பார்க்கில நிழலுக்கு வராமல் ஓடிக்கொண்டு நிண்டவன். “வெயிலில நிக்காத, காப்பிலி மாதிரிக் கறுப்பு ஒட்டிக்கொண்டிடும், பிறகு தேய்ச்சாலும் போகாது” எண்டு நான்தான் சொன்னனாம். சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை. ஆனா அது என்ர வசனம்தான். என்ர அம்மா எனக்குச் சொன்ன வசனம். சவர்க்காரம் போட்ட கையோட அவன் என்னைப் பாத்து “அப்ப ஒட்டாதோ?” எண்டு கேட்டான். இப்பவும் நெஞ்சு அடைக்குது.

நாளைக்குப் போவன். என்ன கதைக்கிறது எண்டு சொல்லித் தாங்கோ.

சோக்குக்கட்டி (புதன், இரவு 10.55)

இப்போது எங்களுக்குச் சொன்னதையே ஹெட் டீச்சரிடமும் சொல்லுங்கள். வீட்டில் இந்தப் பேச்சை நிறுத்துவதாகச் சொன்னால் அதையும் அந்தப் பதிவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வகுப்பு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம் என்று கேளுங்கள். இருவருக்குமே அது அவமானமாகத்தான் முடியும். அந்தக் குழந்தைக்கு என்ன ஆதரவு கொடுக்கிறார்கள் என்று நீங்களாகவே கேளுங்கள். அக்டோபர் மாதத்துக் கறுப்பின வரலாறு அசெம்பிளி மட்டும் போதாது என்று எங்கள் ஹெட்டிடம் நான் வருடா வருடம் சொல்கிறேன். வகுப்பு அலமாரிக் கதைப் புத்தகங்களில் எத்தனை நிற முகங்கள் இருக்கின்றன, கிரேயான் டப்பாவில் எத்தனை பிரவுன் இருக்கிறது என்று பாருங்கள்.

குரொய்டன் மணி (புதன், இரவு 11.20)

தங்கச்சி, நீங்கள் வீட்டுக்குள்ள பாத்தது பெரிய விசயம். நானும் அந்தச் சொல்லை இனி யோசிச்சுத்தான் சொல்லுவன். பேரப்பிள்ளையள் இருக்கினம்.

ஆனா பெயர் போடுற விசயத்தில நான் மாறேல்லை. அந்தப் பதிவை எத்தனை வருசம் வைச்சிருப்பினம், ஆர் ஆர் பாப்பினம், ஹைஸ்கூலுக்குப் போகுமோ எண்டு எழுத்தில கேளுங்கோ. இன்னொண்டும் கேளுங்கோ. போன வருசம் தமிழ்ப் பிள்ளையளுக்கு ஆரும் ஏதும் சொன்னதா எத்தனை பதிவு இருக்கு?

வடலி (வியாழன், பின்னேரம் 5.45)

போய் வந்திட்டன். கடிதத்தில ‘கிடைத்தது’ எண்டுதான் இருந்தது, கையெழுத்துப் போட்டன். மகன்ர பெயர் ஹைஸ்கூலுக்கு அனுப்பிற கோப்பில வராது எண்டு சொன்னவை, அதை எழுத்தில தரச் சொல்லியிருக்கிறன். மணி அண்ணை, உங்கட கேள்வியையும் கேட்டன். ஹெட் ரீச்சர் கொம்பியூட்டரில பாத்திட்டு, தமிழ்ப் பிள்ளையளுக்கு எண்டு ஒண்டும் இல்லை எண்டா. இந்தப் பள்ளிக்கூடத்தில இத்தனை தமிழ்ப் பிள்ளையள் படிக்குதுகள். ஒண்டும் நடக்கேல்லையோ, நடந்தது எழுதப்படேல்லையோ எண்டு கேட்டன். உடன பதில் சொல்லேல்லை. தன்ர கொப்பியை எடுத்துக் குறிச்சா. அடுத்த கவர்னர் கூட்டத்தில கேட்பன் எண்டா. அந்தக் கூட்டம் எப்ப எண்டு கேட்டு நானும் குறிச்சுக்கொண்டு வந்திருக்கிறன்.

வெளியில வரேக்க அந்தப் பிள்ளையின்ர தாய் கேட்டடியில நிண்டவ. என்ர அரைகுறை இங்கிலிசில சொல்ல வேண்டியதைச் சொன்னன். அவ கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, “ராத்திரியும் எழும்பிப் போய்க் கையைக் கழுவினவள்” எண்டா.