புதுப்பிப்பு: ஈஜிஆர் வால்வை அடைக்கவில்லை, கழுவி மாட்டினேன்

டீசல் கார் மேட்டில் இழுக்காமல் கரும்புகை தள்ளுகிறது, ஈஜிஆர் வால்வை (எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே விடும் வால்வு) தகடு வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? அடைக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் வால்வு முழுக்கத் தார் மாதிரி கரி. மூட முடியாமல் பாதி திறந்தே சிக்கியிருந்தது. அழுத்தி மிதிக்கும்போதும் புகை உள்ளே திரும்பி, காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்திருக்கிறது. கழுவி மாட்டியதும் இழுவை வந்துவிட்டது.

அடைத்தால் புகை குறையும் என்றவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் குறைவது கண்ணுக்குத் தெரியும் கரி மட்டும். திரும்பி வரும் புகைதான் சிலிண்டரில் ஆக்சிஜனைக் குறைத்து, எரியும் சூட்டைத் தணிக்கிறது. அது இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். டீசல் காருக்கு அதன் வரம்பு, இந்தியாவின் முந்தைய வாகனப் புகை விதியான பிஎஸ்4-இல் கிலோமீட்டருக்கு 0.25 கிராம், பிஎஸ்6-இல் வெறும் 0.08.

அப்புறம், கரி மறுபடி சேராமலிருக்க, ஊருக்குள்ளேயே உருட்டாமல் அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஓட்டச் சொன்னார் மெக்கானிக்.