வயதைக் கேட்டே திருப்பி அனுப்பினார்கள்: கால்பந்து செலக்‌ஷனில் நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

பெரம்பூர் லெஃப்ட் விங்:

செலக்‌ஷன் எப்படி நடக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. விடிந்ததும் வரிசை, ஆதார் நகல், இரண்டு போட்டோ, முதுகில் குத்திக்கொள்ள ஒரு நம்பர். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வியாசர்பாடியில் எங்கள் தெரு அணிக்கு லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டம், ஆடிய அண்ணன் ஒருவர். பகலில் வெல்டிங் பட்டறை, மாலையில் மைதானம். அப்போது அவருக்கு 27 வயது. தொழில்முறை அணி ஒன்று சென்னையில் செலக்‌ஷன் வைத்தது. விளம்பரத்தில் வயது வரம்பு எதுவும் போடவில்லை. அதைப் பார்த்துத்தான் அவரை வற்புறுத்தி அழைத்துப் போனேன். மேசையில் உட்கார்ந்திருந்தவர் பெயரை எழுதிவிட்டு ஆதாரைப் புரட்டினார், பிறந்த ஆண்டைப் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து ஸ்கேலைத் தேடி எடுத்து, அண்ணன் பெயரின்மேல் வைத்து, பென்சிலால் நேராக ஒரு கோடு இழுத்தார். "23க்கு மேல் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், தம்பி" என்றார், என்னைப் பார்த்து. ஆட வந்தவர் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அண்ணன் ஒரு காலில் பூட்ஸ் மாட்டிவிட்டு மறுகாலுக்கு லேஸ் முடிந்துகொண்டிருந்தார்.

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக மறுத்திருக்கிறார்கள். அந்த ஸ்கேலை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

வெயில் ஏறியபோது ஆடிக்கொண்டிருந்த பையன் ஒருவனுக்குத் தசை பிடித்துக்கொண்டது. ஆள் குறைந்தது. கயிற்றுக்கு வெளியே நின்ற அண்ணனைக் கோச் கைகாட்டி உள்ளே கூப்பிட்டார். மேசையில் நடந்தது அவருக்குத் தெரியாது. எதிரணியின் ரைட் விங்கர், வலப்பக்க ஓரத்தில் தாக்குபவன், நல்ல வேகம், வயது 20கூட இருக்காது. அண்ணனைத் தாண்டிக் கோல் முன்னால் ஒரு கிராஸ்கூட அவனால் போட முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் கோச் இவர் யார் என்று விசாரித்தார், மேசைக்காரர் வயதைச் சொன்னார். கோச் ஒன்றும் பேசவில்லை. அண்ணனின் போன் நம்பரை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு அவர் வேறு அணிக்கு மாறினார், அங்கிருந்து அழைத்தார். 28 வயதில், இரண்டாம் நிலை லீக்கில், அண்ணன் முதன்முறையாகச் சம்பளத்துக்கு ஆடினார்.

உங்களுக்கும் இப்படி ஒன்று மனதில் கிடந்தால் எழுதுங்கள்.

யோகோஹாமாவில் வசித்தவன்:

2017 மார்ச் 12. யோகோஹாமா எஃப்.சி.யின் மிட்சுசாவா மைதானம். ஜப்பானின் முன்கள வீரர் கசுயோஷி மியூரா 50 வயது 14 நாளில் கோல் போட்ட ஆட்டம். நான் அங்கே இருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் தொழில்முறைப் போட்டியில் ஆடிய மிக மூத்தவர் என்ற, இங்கிலாந்தின் ஸ்டான்லி மாத்யூஸின் சாதனையை அவர் தாண்டியிருந்தார்.

கோல் விழுந்தது, மியூரா தன் வழக்கமான நடனத்தை ஆடினார், அரங்கமே எழுந்து நின்றது. என் பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் எழவில்லை. தலை நரைத்தவர். எனக்கு ஜப்பானிய மொழி சரளமாக வராது என்பது அதற்குள் அவருக்குப் புரிந்திருந்தது. கைப்பேசியை எடுத்து நான்கு எண்களைத் தட்டி என் முகத்துக்கு நேரே காட்டினார்: 1998. காட்டிய கை நடுங்கியது.

கதை தெரிந்தவர்களுக்கு அந்த எண் போதும். ஜப்பான் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடிய ஆண்டு அது. அந்த அணியைப் பல ஆண்டுகள் தோளில் சுமந்தவர் மியூரா. நாட்டுக்காக 89 ஆட்டங்களில் 55 கோல். உலகக் கோப்பை நடந்த பிரான்ஸுக்குப் போகும் வழியில் சுவிட்சர்லாந்தில் முகாம் போட்டிருந்தார்கள். அங்கே பயிற்சியாளர் ஒகாடா இறுதிப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினார். மியூராவுக்கு அப்போது 31 வயது. உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடாமலே அவருடைய சர்வதேச வாழ்க்கை முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் சில ஆண்டுகளில் பூட்ஸைக் கழற்றியிருப்பார்கள். இவர் 2020இல் 53 வயதில் ஜப்பானின் முதல்நிலை லீக்கில் களமிறங்கினார்.

15 வயதில் பள்ளியை விட்டுத் தனியாகப் பிரேசிலுக்குப் போனவர் அவர். அந்த வயதில் எல்லோரும் அவரிடம் சொன்னது வேறு, 31இல் சொன்னது வேறு. இரண்டையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மதுரை ஜூனியர் கோச்:

இரண்டு பதிவுகளையும் படித்தேன். மியூராவை உதாரணமாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் பெயருக்கு டிக்கெட் விற்கும். பிந்தைய ஆண்டுகளில் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் ஆடினார். வியாசர்பாடி வெல்டருக்கும் அவருக்கும் என்ன ஒப்பீடு?

வயதைப் பார்ப்பதே தவறு என்பது போல இங்கே பேச்சு போகிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். 14 வயதுக்குட்பட்டோர் போட்டி. எதிரணியின் நடுக்கள ஆட்டக்காரனுக்குத் தாடை நீலம் பாரித்திருந்தது. அன்று காலையில்தான் மழித்திருக்கிறான். அவன் காலை நீட்டிப் பந்தைத் தட்டியபோது என் அணிப் பையனின் முன்காலைக் காக்கும் ஷின் பேட் உடைந்த சத்தம் எனக்கு எல்லைக் கோட்டில் கேட்டது. பேட் மட்டும் உடையவில்லை. அந்தப் பையனின் அம்மா மைதானத்துக்குள் ஓடி வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவனுக்கு 14 வயது என்று யார் சார் சொன்னது?" பதில் இல்லை. காகிதம் சொன்னது.

ஆகவே பெற்றோர்களே, காகிதத்தைச் சரியாக வையுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், செலவே இல்லை. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். பெயரில்லாமல் பதிவு செய்யலாம், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். பதிவே செய்யாமல் ஓராண்டு கடந்துவிட்டால் அதிகாரியின் உத்தரவு வேண்டும், அலைச்சல்தான். அப்படித் தாமதமாக வாங்கிய சான்றிதழை விளையாட்டுச் சங்கங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காக ஒரு தேதியைச் சொல்லாதீர்கள். ஆதாரில் ஒரு தேதி, மாற்றுச் சான்றிதழில் ஒரு தேதி, பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி என்று வருகிற பிள்ளைகளை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மூன்றையும் இப்போதே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் வேண்டுமானால் போட்டிக்கு முந்தின வாரம் ஓடாமல், பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்னாலேயே முடிக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் வயதுக்கான ஆதாரம், நினைவில் வையுங்கள்.

முதல் பதிவு எழுதியவருக்கு ஒரு கேள்வி. அந்த அண்ணனுக்கு என்ன சம்பளம் தந்தார்கள்? ஒப்பந்தம் எழுத்தில் இருந்ததா?

ஸ்கேன் அறை:

கோச் சாருக்கு வணக்கம். காகிதத்தை நம்ப முடியாமல்தான் எங்களிடம் அனுப்புகிறார்கள். இடது மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுப்போம். முன்கை ஆர எலும்பின் நுனியில், எலும்பு நீள்கிற இடமான வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கும். அது முழுதாக மூடிவிட்டிருந்தால் 17 வயதைத் தாண்டியவன் என்று முடிவு செய்வார்கள். 2009 முதல் 17 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பையிலேயே இந்த முறை இருக்கிறது. நல்ல முறை, மறுக்கவில்லை. ஆனால் உண்மையாகவே 17ஐத் தாண்டாத மிகச் சிலருக்கும் அந்தத் தட்டு முன்கூட்டியே மூடிவிடும். அந்த மிகச் சிலரில் ஒருவன் நம் முன்னால் படுத்திருக்கும்போது என்ன செய்வது?

அப்படி ஒருவன் வந்தான். கருவிக்குள் கையை நீட்டிக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும், அசையக் கூடாது. அவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தான். முடிந்து வெளியே வந்ததும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணா, என் எலும்பு என்ன சொல்கிறது?" என்று கேட்டான். அறிக்கையை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் வாய் திறக்கக் கூடாது. ஆனால் திரையில் தெரிந்ததை நான் பார்த்துவிட்டேன். அவன் அம்மா வெளியே மகப்பேறு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் பிறந்த நாளன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்தது. அதில் இருந்த வயது சரி என்று நான் நம்புகிறேன். அணியில் அவனைச் சேர்க்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்துக் கணுக்கால் ஸ்கேனுக்கு அவனே வந்தான். நன்றாக வளர்ந்திருந்தான். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் "கால்பந்து வீரர்" என்று எழுதியிருந்தான். 18 முடிந்ததும் சீனியர் லீக்கில் சேர்ந்து, அங்கிருந்து ஓர் அணி ஒப்பந்தம் போட்டதாம். சீனியர் ஆட்டத்தில் மணிக்கட்டை யாரும் கேட்பதில்லை.

கடலூர் நடுக்களம்:

ஆண்களுக்கு 23 என்றால் எங்களுக்குக் கல்யாணம்தான் வயது வரம்பு. அதற்குப் பிறகு ஆட வந்தால் ஆதாரைக்கூடக் கேட்க மாட்டார்கள், கழுத்தைப் பார்ப்பார்கள்.

எங்களோடு பள்ளி அணியில் ஆடிய அக்கா ஒருவர். 29 வயதில், மூன்று வயது மகளோடு, மகளிர் லீக் அணி ஒன்றின் செலக்‌ஷனுக்கு வந்தார். பீப் டெஸ்ட், அதாவது பீப் ஒலிக்குள் மறுகோட்டைத் தொட வேண்டிய ஓட்டம். ஒவ்வொரு பீப்புக்கும் அந்தக் குழந்தை எல்லைக் கோட்டில் நின்று கைதட்டியது. ஒவ்வொருத்தியாக விலக, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அக்காவும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணும். அணி மேலாளர் அக்காவிடம் பேசவில்லை. நேராக அவருடைய மாமியாரிடம் போய், "வெளியூருக்கெல்லாம் அனுப்புவீர்களா அம்மா? வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது?" என்று கேட்டார். அந்த அம்மா முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இவளை விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்ததே நான்தான். நீங்கள் அவள் ஆட்டத்தைப் பாருங்கள்."

அந்த சீசன் அக்கா ஆடினார். அடுத்த சீசனும் ஆடினார்.

2021 நவம்பரில் பிரேசிலின் மனாவுஸ் நகரில் இந்திய மகளிர் அணி பிரேசிலோடு ஆடியது நினைவிருக்கிறதா? நாம் 6-1 என்று தோற்ற ஆட்டம், மனிஷா கல்யாண் நமக்கு ஒரு கோல் போட்டார். பிரேசிலின் ஃபோர்மிகாவுக்கு அது கடைசி சர்வதேச ஆட்டம். 43 வயது, ஏழு உலகக் கோப்பை. அவர் பிறந்த 1978இல் பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடச் சட்டப்படியே தடை இருந்தது. அதிகாலையில் அக்கா வீட்டில் மொபைலில் அந்த ஆட்டத்தைப் பார்த்தோம். ஃபோர்மிகா மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்தியா தோற்றுக்கொண்டிருந்தது, நாங்கள் இருவரும் அழுதுகொண்டிருந்தோம்.

கோச் சார், சிறுவர் போட்டியில் வயதைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். வளர்ந்தவர்களிடம் எதற்குப் பார்க்க வேண்டும்?

மதுரை ஜூனியர் கோச்:

பார்க்க வேண்டும், சகோதரி. ஓர் அணியில் இடம் குறைவு. 29 வயதுக்காரருக்கு ஓர் இடம் தந்தால் 19 வயதுக்கு அது இல்லை. 19 வயதுக்காரரை விற்கலாம், வளர்க்கலாம், நாட்டுக்கு ஆடவைக்கலாம். அணி நடத்துபவர்கள் தர்மம் செய்ய வரவில்லை.

பெரம்பூர் லெஃப்ட் விங்:

சார், தர்மம் யார் கேட்டது? ஆட விட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லட்டும்.

இடம் குறைவு என்கிறீர்கள். 2014இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியபோது வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். கோவாவுக்குப் பிரான்ஸின் ராபர்ட் பிரெஸ், டெல்லிக்கு இத்தாலியின் டெல் பியரோ, இருவரும் 40ஐ ஒட்டியவர்கள். நம் சென்னையின் எஃப்.சி.க்கு 41 வயதில் இத்தாலியின் மார்கோ மாத்தராத்சி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தார். நானும் கைதட்டினேன், இன்னும் தட்டுவேன். அவர்களுடைய வயதை அனுபவம் என்று எழுதினோம். அதே வயதைத் தெருவிலிருந்து வருகிறவனிடம் பார்த்தால் முடிந்துபோனவன் என்கிறோம். சுனில் சேத்ரி 2025 மார்ச்சில் 40 வயதில் சர்வதேச ஓய்விலிருந்து திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் போட்டார். அந்த இடத்துக்கு அவரைவிடத் தகுதியான இளைஞன் அன்று இருந்தானா? இங்கிலாந்தில் ஜேமி வார்டி ஐந்தாம் நிலை லீக்கிலிருந்து லெஸ்டர் சிட்டிக்கு வந்தபோது 25 வயது, அந்நாட்டின் முதல்நிலையான பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம் 27இல். 2016இல் அந்த அணி சாம்பியன் ஆனது. இங்கே இருந்திருந்தால் வரிசையிலேயே நிற்க விட்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். மாதச் சம்பளம் வெல்டிங் பட்டறையில் வாங்கியதைவிடக் குறைவு. தங்குமிடமும் சாப்பாடும் அணியுடையது. ஒப்பந்தம் எழுத்தில்தான் இருந்தது, ஆங்கிலத்தில். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு கல்லூரியில் படிக்கும் தன் தங்கையிடம் போய் வரிவரியாகச் சொல்லச் சொன்னார். சம்பள வரியைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று இருக்கிறது, அதை மட்டும் இன்னொரு முறை படி என்றார். அணியுடையது என்று இருந்தது. கையெழுத்துப் போட்டார்.