கமென்ட்டை அழிச்சும் பச்சை போகல

கவின்: மீனாக்கா, ஃப்ரீயா? நான் எழுதுற கோட் எடிட்டர்ல ஒரு சந்தேகம். கமென்ட்டுக்கு (ப்ரோகிராம்ல ஓடாத குறிப்புக்கு) /* போட்டு நாலு வரி தள்ளி */ போட்டா, முதல் வரி மட்டும்தான் பச்சை ஆகுது. நடுவுல இருக்கிறது சாதா ப்ரோகிராம் வரி மாதிரியே தெரியுது.

மீனா: க்யூட்டி (Qt) லைப்ரரி தானே? அதுல கலர் போடுற ஹைலைட்பிளாக் (highlightBlock) ஃபங்ஷன் ஒவ்வொரு வரிக்கும் தனியா ஓடும்டா. மூணாவது வரிக்கு வரும்போது, முதல் வரியில கமென்ட் திறந்தது அதுக்குத் தெரியாது.

மீனா: வரி முடியும்போது இன்னும் கமென்ட்டுக்குள்ள இருந்தா 1, வெளிய வந்துட்டா 0ன்னு குறிச்சு வை. செட்கரன்ட்பிளாக்ஸ்டேட் (setCurrentBlockState) அதுக்குத்தான். அடுத்த வரி பிரீவியஸ்பிளாக்ஸ்டேட்ட (previousBlockState) படிச்சுட்டுத் தொடங்கணும். முதல் வரிக்கு -1 வரும், அதையும் கமென்ட்னு எடுத்துடாதே.

கவின்: மொத்த ஃபைலையும் ஒரே ஸ்ட்ரிங்கா (எழுத்துத் தொடரா) எடுத்து ரெஜெக்ஸ் (வடிவம் சொல்லித் தேடுறது) ஓட்டிட்டா?

மீனா: வேண்டாம்டா. ஒரு எழுத்து அடிச்சா 20,000 வரியும் திரும்ப ஓடும். இந்த முறையில, வரிக்கடைசியில இருக்கிற அந்த எண் மாறினாத்தான் அடுத்த வரிக்கே போகும். மாறலைன்னா அங்கேயே நின்னுடும். அழகே அதுலதான் இருக்கு.

சித்தப்பா: தனியா போய் பேசாதீங்க, இங்கயே பேசுங்க. நானும் படிக்கிறேன். விம் (Vim) எடிட்டர்ல நடு ஃபைலுக்குத் தாவினா எனக்கு சில சமயம் கலர் தலைகீழா வருதே, அதுவும் இதேதானா?

மீனா: அதேதான் சித்தப்பா. வேகத்துக்காக கொஞ்சம் மேல இருந்து மட்டும் பார்த்து ஊகிக்கும். பைத்தான்ல பல வரி ஸ்ட்ரிங்கைத் திறக்கிறதும் """,  மூடுறதும் அதுவே. ஊகம் தப்பினா உள்ளே வெளியே மாறிடும். சின்டாக்ஸ் சிங்க் ஃப்ரம்ஸ்டார்ட் (:syntax sync fromstart) கொடுத்துப் பாருங்க. முதல் வரியிலிருந்து படிக்கும், பெரிய ஃபைல்னா மெதுவாகும்.

சித்தப்பா: சரியாயிடுச்சும்மா 👍

கவின்: எனக்கும் ஓடுதுக்கா! ஆனா /* ஐ அழிச்சாலும் கீழ இருக்கிறது பச்சையாவே நிக்குது.

மீனா: ஹைலைட்பிளாக் தொடங்கினதும் ஸ்டேட்ட 0 ஆக்கினியா?

கவின்: இல்ல. கமென்ட் இருந்தா மட்டும் 1 போடறேன்.

மீனா: அப்ப அந்த வரியில பழைய 1 அப்படியே கிடக்கும். எண் மாறாததால அடுத்த வரியைத் திரும்பப் பார்க்கவே பார்க்காது. முதல் வேலையா 0 போடு.

கவின்: போட்டேன், போயிடுச்சு!! இன்னொண்ணு. "படம்/*" னு ஸ்ட்ரிங்ல எழுதினா அங்கிருந்து ஃபைல் கடைசி வரைக்கும் பச்சை.

மீனா: /* ஐ மட்டும் தனியா தேடுற இல்ல? அப்படித் தேடவே கூடாது. இடமிருந்து வலமா ஒவ்வொரு எழுத்தா போ. முதல்ல எது திறக்குதோ, அது மூடற வரைக்கும் மத்த எதுக்கும் மதிப்பில்ல. " முதல்ல வந்தா உள்ள இருக்கிற /* வெறும் எழுத்து. /* முதல்ல வந்தா உள்ள இருக்கிற " வெறும் எழுத்து.

கவின்: புரியுதுக்கா. ரஸ்ட்ல கமென்ட்டுக்குள்ள கமென்ட் வருமே?

மீனா: வரும், சி மாதிரி இல்ல. 1ல நிறுத்தாம எத்தனை ஆழம்னு அந்த நம்பரையே ஏத்தி இறக்கு. ஜாவாஸ்கிரிப்ட்ல பேக்டிக் ஸ்ட்ரிங்குக்குள்ள ${ வரும்போது ஒரு எண் போதாது, ஸ்டாக் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வைக்கிற பட்டியல்) வேணும். அதை அப்புறம் பார்ப்போம்.

கவின்: சரிக்கா, முதல்ல ஸ்ட்ரிங்கை முடிச்சுட்டு வர்றேன்.