அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்: துபாய் விசாவுக்கு என்ன செய்வது?

வணக்கம். பொங்கலுக்கு அம்மாவைத் துபாய்க்கு அழைத்துவர நினைக்கிறேன். அவருக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். சிக்கல் பாஸ்போர்ட்டில்தான். ஆயுள் முழுக்க இனிஷியலோடு எழுதிப் பழகியவர். பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' இடம் காலி, 'கிவன் நேம்' இடத்தில் ஒரே ஒரு சொல். இப்படி ஒற்றைப் பெயர் இருந்தால் விசிட் விசா கிடையாது என்று அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா பெயர் இருக்கிறதே, அது போதும் என்கிறார் ஒரு ஏஜென்ட். இன்னொருவர் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்கிறார்.

அறுபத்திரண்டு வயதில் அவர் பெட்டியோடு கவுன்டரிலிருந்து திரும்பி வரும் நிலை வரவே கூடாது. தாத்தா பெயரைச் சர்நேமாகச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் வாங்குவதே நல்லது என்று தோன்றுகிறது. அதற்கு முதலில் ஆதாரைத் திருத்த வேண்டுமா? திருச்சியில் சமீபத்தில் மாற்றியவர்கள், எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள்.

அப்புறம் பணம். இந்திய ரூபாய் 25,000 வரைதான் கையில் கொண்டுவரலாம் என்று தெரியும். ஏடிஎம் பழகாத அம்மாவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் அட்டை) சரிவருமா, இல்லை திர்ஹாமாகவே மாற்றிக் கொடுத்துவிடலாமா?

பேரனுக்கென்று முறுக்கு மாவுகூட அரைத்து வைத்துவிட்டார். நான்தான் இன்னும் டிக்கெட் போடவில்லை.