மறு: ஓட்டக்காரர்களுக்கு வரும் ஹைப்போநட்ரீமியா: ‘குறைபாடு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நெடுந்தொலைவு ஓட்டத்தில் நேரும் ஹைப்போநட்ரீமியாவுக்கு, அதாவது குருதியில் சோடியச் செறிவு தாழும் நிலைக்கு, தமிழ்ச்சொல்லாக இவ்விழையில் முன்மொழியப்பட்ட ‘உப்புக் குறைபாடு’, ‘சோடியக் குறைபாடு’ ஆகிய இரண்டையும் ஏற்கத் தயங்குகிறேன். ‘இரும்புச்சத்துக் குறைபாடு’ என்றால் உடலில் வேண்டிய அளவு இரும்பு சேரவில்லை என்றே படிப்பவர் கொள்வார். அதே வாய்பாட்டில் இச்சொல்லையும் அமைத்துவிட்டால், ஒரு பொட்டலம் உப்புக்கரைசலைக் கூடுதலாகக் குடித்தால் சரியாகிவிடும் என்று ஓடுபவர் எண்ணுவார். நடப்பதோ வேறு.

குருதியில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 135க்குக் கீழே இறங்குவதே இந்நிலை. வியர்வையோடு உப்பு வெளியேறுகிறது என்பது உண்மைதான். ஆனால் தாகத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதும், நெடுநேர உடலுழைப்பில் வாசோபிரெசின் என்னும் இயக்குநீரின் (ஹார்மோனின்) சுரப்பு அடங்காமல் சிறுநீரைக் குறைத்து அந்தத் தண்ணீரை உடலிலேயே தேக்கிவிடுவதுமே பெரும்பாலும் காரணமாகின்றன. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் குருதியைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. 42 கிலோமீட்டர் ஓடி முடித்தவரின் எடை கூடியிருக்கிறதென்றால், அதை எந்தக் கணக்கில் குறைபாடு என்பது?

விளையாட்டுப் பானங்களும் இங்கே காப்பாகமாட்டா. அவற்றுள் பலவற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிமோல் சோடியமே உண்டு. வயிற்றுப்போக்குக்கென உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கரைசலில்கூட 75தான். இரண்டுமே சோடிய அளவில் குருதியைவிட நீர்த்தவை.

ஆகவே, ‘நீர்த்த அமிலம்’ என்று பள்ளியில் நாம் படித்த அதே வினையிலிருந்து ‘சோடிய நீர்ப்பு’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். தீர்ப்பு, ஈர்ப்பு போன்ற அமைப்புத்தான் இது. ‘குருதி நீர்ப்பு’ என்றால் இன்னும் எளிமைதானே என்று கேட்கலாம். குருதியணுக்களின் செறிவு குறைவதைச் சொல்ல அது வேறிடத்தில் தேவைப்படும். இதய நோயாலோ மருந்துகளாலோ வருவன உட்பட எல்லா வகைக்கும் பொதுப்பெயராகக் ‘குருதிச் சோடியத் தாழ்வு’ இருக்கட்டும். ஓட்டக்காரருக்கு நேர்வதை அதனுள் ஒரு வகையாக ‘உழைப்புசார் சோடிய நீர்ப்பு’ எனலாம். எலக்ட்ரோலைட்டைக் குறிக்கும் ‘மின்பகுளி’யை மாற்றத் தேவையில்லை, இலங்கையில் வழங்கும் ‘மின்பகுபொருள்’ என்பதையும் அருகில் குறித்தால் போதும்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. தலைவலி, குமட்டல், தடுமாற்றம் ஆகியவை நீரிழப்பிலும் வரும், இதிலும் வரும். எல்லைக்கோட்டருகே ஒருவர் வாந்தியெடுத்துக் குழம்பி நிற்கையில், மூளையணுக்களுக்குள் ஏற்கெனவே நீர் புகுந்து வீங்கத் தொடங்கியிருக்கலாம். அவர் கையில் இன்னொரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுப்பது உயிருக்கே ஊறாகும். முதலுதவிக் கையேட்டில் ‘நீரிழப்பு’ என்னும் தலைப்புக்கு அடுத்து இடம்பெற வேண்டிய சொல் இது என்பதால், ‘உழைப்புசார்’ என்னும் முன்னொட்டு அங்கும் வேண்டுமா, ‘சோடிய நீர்ப்பு’ மட்டுமே போதுமா என்பது குறித்து மருத்துவத் துறை நண்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.