தோட்ட டிராக்டர் ஏற்றும் பழைய சாய்தள ட்ரெய்லர்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

மிச்சிகன் தோட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1965ஆம் ஆண்டின் ஜான் டியர் 110 தோட்ட டிராக்டர் ஒன்று இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஹொரிகான் ஆலையில் செய்யப்பட்டது. 8 குதிரைத்திறன் கோலர் எஞ்சின் இன்றும் தடையின்றி ஓடுகிறது. இந்தியானாவின் போர்ட்லாண்டில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடக்கும் பழைய எஞ்சின், டிராக்டர் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதுவரை இரவல் ட்ரெய்லரை நம்பியே இருந்தேன்.

சென்ற மாதம் ஒரு பண்ணை ஏலத்தில், களஞ்சியத்தின் மூலையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த சிறிய சாய்தள ட்ரெய்லர் ஒன்றை வாங்கினேன். டிராக்டர் ஏறுவதற்காகத் தளமே பின்பக்கம் சாயும் வகை அது. எட்டடி நீளம், நாலரை அடி அகலம். பட்டை ஸ்பிரிங், 12 அங்குலச் சக்கரங்கள், சக்கரத்துக்கு நான்கு போல்ட். டயர்களில் 4.80-12 என்ற அளவைப் படிக்க முடிகிறது, ஆனால் பக்கவாட்டில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்புகள். தளத்துப் பலகைகள் இற்றுவிட்டன. காரின் இழுவைப் பந்தைக் கவ்வும் கப்ளரின் மேல் 1-7/8 (அங்குலம்) என்று அச்சிடப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளரின் தகடு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் துளைகள் மட்டும் எஞ்சியுள்ளன.

எடை மேடையில் நிறுத்திப் பார்த்ததில் ட்ரெய்லர் 360 பவுண்டும், புல்வெட்டியும் பின்சக்கர எடைகளும் பூட்டிய டிராக்டர் 890 பவுண்டும் இருந்தன. 2,500 பவுண்டுக்கு உட்பட்ட ட்ரெய்லருக்கு எங்கள் மாநிலத்தில் உரிமைப் பத்திரம் தேவையில்லை, நிரந்தர எண் தகடு போதும் என்பதால் பதிவு வேலையை முடித்துவிட்டேன்.

போகவும் வரவும் சேர்த்து ஆறு மணி நேர நெடுஞ்சாலைப் பயணம் இது. பழைய சக்கர அச்சை நம்பலாமா, அல்லது கடையில் விற்கும் புதிய அச்சைப் பூட்டிவிடலாமா? மணல் பீய்ச்சி முழுவதையும் சுரண்டிப் புதிதாக வண்ணம் பூசுவது சரியா? இப்படிப்பட்ட ட்ரெய்லர்களைச் சேகரித்துப் புதுப்பித்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

டோலிடோ வாசகர்

நண்பரே, அச்சை மாற்றுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். முடிவை அதுவே சொல்லிவிடும்.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு ஒரு கையை ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பு கூட உள்ளங்கைக்குத் தெரியும். அதன்பின் தூசி மூடியைக் கழற்றி, நட்டைப் பூட்டியிருக்கும் காட்டர் பின்னை உருவி, சக்கரத்தின் மையக் குடமான ஹப்பை வெளியே எடுங்கள். பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருந்தால் அதனால் மட்டும் கவலைப்பட வேண்டியதில்லை. மண்ணெண்ணெயில் கழுவினால் போய்விடும். கழுவிய பின், ஹப் சுழலும் அச்சு முனையான ஸ்பிண்டிலில் நீலநிறம் தெரிந்தால் அது ஒருமுறை கடுமையாகச் சூடேறியிருக்கிறது என்று பொருள், அந்த அச்சை நான் சாலைக்குக் கொண்டுபோக மாட்டேன். நீலம் இல்லாமல், கிரீஸ் கசியாமல் தடுக்கும் சீல் உரசும் இடத்தில் ஒரு வரிப்பள்ளம் மட்டும் இருந்தால் அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

வெர்னியர் அளவுகோலால் ஸ்பிண்டிலை அளந்துகொள்ளுங்கள். இவ்வளவு சிறிய ட்ரெய்லரில் பெரும்பாலும் ஓர் அங்குல நேர் ஸ்பிண்டில்தான் இருக்கும். அதற்கு எல் 44643 என்ற பேரிங்கும் எல் 44610 என்ற வெளிவளையமும் பொருந்தும். இரண்டும் இன்றும் எந்த ஊரிலும் கிடைக்கின்றன. பேரிங்கை மாற்றும்போது வெளிவளையத்தையும் கட்டாயம் மாற்றுங்கள். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மறுபுறம் உருளைகளின் இடைவெளி ஒவ்வொன்றிலும் கிரீஸ் புழுப்போல வெளிவரும் வரை அதை நிறுத்தக் கூடாது. பூட்டும்போது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் மறுபடி திருகி, காட்டர் பின் நுழையும் அருகிலுள்ள பள்ளத்துக்குச் சற்றே பின்வாங்கி நிறுத்துங்கள். மயிரிழை ஆட்டம் இருப்பதுதான் சரி. முதல் பத்து மைலில் வண்டியை ஓரம் கட்டி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பானது, கை வைக்க முடியாத சூடு இயல்பானதன்று.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், கிரீஸ் மாற்றாத ஒரு ட்ரெய்லரில் வீல் ஹார்ஸ் டிராக்டரை ஏற்றிக்கொண்டு 75ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போனேன். பின்னால் வந்தவர் விளக்கை மின்னி மின்னிக் காட்டியதால் நிறுத்தினேன். வலப்பக்க ஹப்பிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது, சக்கரம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. இன்னும் இரண்டு மைல் போயிருந்தால் அது கழன்று எதிர்ப்பட்ட யாரையோ தாக்கியிருக்கும். அன்று மனத்தில் பதிந்த பயம் இன்னும் போகவில்லை.

டயர் விஷயத்தில், தாங்கும் எடையைக் குறிக்கும் சுமைத் தரம் சி வேண்டும் என்று பலர் சொல்வார்கள். 4.80-12 அளவில் பி தரம் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தில் 780 பவுண்டு தாங்கும். இரண்டும் சேர்ந்து 1,560. உங்கள் மொத்த எடை 1,250, அதிலும் ஒரு பகுதியைக் காரின் கொக்கி சுமக்கிறது. ஆகவே பி தரமே போதுமானது. சி தரம் தன் முழுச் சுமையைத் தாங்க 90 பி.எஸ்.ஐ. வேண்டும், ஐம்பது ஆண்டுப் பழைய ரிம் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்கும்போது டயரின் பக்கவாட்டிலுள்ள கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். அவை உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை. கடையில் பல ஆண்டுகள் தூங்கிய டயரைப் புதிது என்று வாங்கிவிடக் கூடாது.

ஒன்ராறியோ வெல்டர்

வணக்கம் அண்ணா. நான் இருபது வருடங்களாக வெல்டிங் வேலை செய்கிறவன். பழைய ரெயிலர்கள் பல என் கைகளுக்குள் வந்து போயிருக்கின்றன. அச்சையும் ரயரையும் பற்றி மேலே எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் நான் முதலில் பார்ப்பது முன்னே நீளும் இழுவைத் தண்டைத்தான். மாட்டுவண்டிக்கு ஏர்க்கால் எப்படியோ ரெயிலருக்கு அது அப்படி. அது முறிந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

சாய்தள ரெயிலரில் மூன்று இடங்களைக் கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்துப் பாருங்கள்: கப்ளருக்குச் சற்றுப் பின்னால், தளம் வந்து பூட்டிக்கொள்ளும் கொண்டியின் அடியில், தளம் சாயும் கீல் ஆணி நுழையும் காதுகளில். வண்ணத்தின் மேல் ஒற்றைக் கோடாகத் துரு வழிந்திருந்தால், அதற்கு அடியில் வெடிப்பு இருக்கக்கூடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டு பெட்டிக் குழாயாக இருந்தால் சுத்தியலால் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே நீர் தேங்கி அரித்த இடத்தில் ஒலி மங்கிவிடும்.

வெடிப்பு இருந்தால் அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாதபடி நிறுத்திவிட்டே வெல்டிங் செய்ய வேண்டும். மேலே வைக்கும் ஒட்டுத் தகட்டைச் சதுரமாக வெட்டாமல் இருமுனையும் கூம்பிய சாய்சதுரமாக வெட்டி, நீளவாக்கில் வெல்டிங் செய்யுங்கள். குழாயின் மேல்முகத்திலோ அடிமுகத்திலோ குறுக்கே ஓடும் வெல்டிங், அடுத்த முறிவுக்கு நாமே கோடு போட்டுக் கொடுப்பது போன்றது. துத்தநாகம் பூசிய பாகம் எதுவாக இருந்தாலும் பூச்சை முழுவதும் நீக்காமல் சூடாக்காதீர்கள். அந்தப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். இந்த வேலையில் பழக்கம் இல்லையென்றால் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கப்ளரில் 1-7/8 என்று இருந்தால் அதே அளவுப் பந்தையே பயன்படுத்துங்கள். இரண்டு அங்குலக் கப்ளரைப் புதிதாக மாற்றிவிட்டு, காரில் பழைய சிறிய பந்தை மறந்து விட்டுவிடுவது மிகவும் ஆபத்தானது. பூட்டியது போலவே தோன்றும், ஒரு குழியில் ஏறி இறங்கியதும் கழன்று மேலே எழும்பும். பாதுகாப்புச் சங்கிலிகளைத் தண்டின் அடியில் குறுக்காக மாட்டினால், தண்டு விழுந்தாலும் சங்கிலிகள் அதைத் தொட்டில்போல் தாங்கிக்கொள்ளும்.

மின்விளக்குகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு கம்பியில் வெள்ளை தரையிணைப்பு, பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். வெள்ளையைத் தண்டில் ஒரு திருகோடு முடித்துவிட்டால், சாய்தள ரெயிலரில் மின்சாரம் கிரீஸ் பூசிய கீல் ஆணி வழியாகத்தான் பின்விளக்குக்குப் போய் வர வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட ரெயிலர்களில் பிரேக் அழுத்தினால் மற்ற விளக்கும் மங்குவது அதனால்தான். வெள்ளைக் கம்பியை ஒவ்வொரு விளக்கு வரையிலும் தனியாகக் கொண்டுபோங்கள்.

மில்வாக்கி சேகரிப்பாளர்

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். மணல் பீய்ச்சுவதற்கு முன் நான் சொல்வதைக் கேளுங்கள்.

விஸ்கான்சினின் போர்ட் வாஷிங்டனில் செய்த சிம்ப்ளிசிட்டி, போலென்ஸ் டிராக்டர்களைச் சேகரிக்கிறவன் நான். டிராக்டர்களுக்குக் கையேடும் வரிசை எண்ணும் சங்கங்களும் உண்டு. ட்ரெய்லருக்கு அவை எவையுமே இல்லை. நிறையச் சிறு பட்டறைகள் இவற்றைச் செய்தன, பெயர்த் தகடு விழுந்துவிட்டால் பெயரும் போய்விட்டது. எனவே உங்கள் ட்ரெய்லரைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே ஆவணம் அதன் மேலுள்ள வண்ணமும் துளைகளும் பழைய பலகையும்தான். மணலைப் பீய்ச்சினால் ஒரு மணி நேரத்தில் அவ்வளவும் அழிந்துவிடும்.

முதலில் சோப்பு நீரில் கழுவுங்கள். மட்கார்டின் பிடிப்புத் தகடுகளைக் கழற்றினால் அவற்றின் அடியில் வெயில் படாத முதல் வண்ணம் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் பச்சை என்பதற்காக ட்ரெய்லரையும் பச்சையாக்கிவிடாதீர்கள். கண்காட்சிகளில் இந்தத் தவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் காலத்து வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சுரண்ட வேண்டிய இடத்திலும் ஈரத்தோடு தேய்த்து, நல்ல முகமூடி அணிந்துகொள்ளுங்கள்.

பலகைகளை வெளியே எறிவதற்கு முன் ஒவ்வொன்றின் தடிப்பையும் இடைவெளியையும் போல்ட் இடத்தையும் அளந்து எழுதி, நல்லதாக ஒன்றை எடுத்து வையுங்கள். புதிய தளத்துக்கு ஒயிட் ஓக் போடுவதே என் பரிந்துரை. ரெட் ஓக் அதைவிட மலிவு, ஆனால் அதன் நரம்புகள் திறந்த குழாய்கள். ஒரு துண்டை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் வாயால் ஊதினால் குமிழி எழுவதைக் காணலாம். ஒயிட் ஓக்கில் அந்தக் குழாய்கள் அடைபட்டிருக்கும், அதனால் நீர் புகாது. மருந்தேற்றிய மரத்தை வாங்கினால், 2003க்குப் பிறகு வந்தவற்றில் தாமிரம் அதிகம் என்பதை மறக்காதீர்கள். அது வெறும் இரும்பை அரிக்கும். இடையில் தடுப்புப் பட்டை வைத்து, நன்கு துத்தநாகம் பூசிய போல்ட்டுகளைப் பயன்படுத்துங்கள்.

டோலிடோ நண்பரோடு ஒரு விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். நீலம் ஏறிய அச்சை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய அச்சையும் ஹப்புகளையும் பழைய இரும்பு வியாபாரிக்குப் போட்டுவிடாமல், அடையாளச் சீட்டுக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுங்கள். பின்னாளில் வாங்குகிறவருக்கு அந்த அளவுகள் தேவைப்படும்.

ஏற்றும் முறையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காரில் பூட்டாத சாய்தள ட்ரெய்லரில் ஒருபோதும் ஏற்றாதீர்கள். டிராக்டரின் எடை கீலைக் கடந்ததும் தளம் திடீரென்று முன்னே விழும். கடைசி இரண்டடியை மிக மெதுவாகக் கடக்க வேண்டும். ஊரில் பார வண்டி கட்டுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள் அல்லவா, அதுவேதான் இங்கும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரமாக, அதாவது காரின் கொக்கியில் அழுத்தும் எடையாக, இருக்க வேண்டும். உங்களுக்கு 125 முதல் 190 பவுண்டு வரை. பின்பாரம் ஆனால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலைப் போல் ஆடத் தொடங்கிவிடும். ஏற்றிக் கட்டிய பின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, தண்டை மட்டும் காரிலிருந்து கழற்றி, ஒரு கட்டையின் வழியே குளியலறை எடை காட்டியின் மேல் இறக்கிப் பாருங்கள்.

மிச்சிகன் தோட்டம்

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. மூன்று வாரங்களாக நீங்கள் எழுதியதைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

ஒன்ராறியோ தம்பி சொன்ன இடத்திலேயே, கொண்டியின் அடியில், ஒன்றேகால் அங்குல நீளத்துக்கு மயிரிழை வெடிப்பு இருந்தது. மேலே அடர்ந்த வண்ணம் இருந்ததால் அதைத் தேய்க்காமல் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அருகிலுள்ள ஒரு வெல்டரிடம் கொடுத்து, சாய்சதுரத் தகடு வைத்துச் சரிசெய்தேன். ஸ்பிண்டில் ஓர் அங்குலம்தான். நீலம் எங்கும் இல்லை. ஆகவே பழைய அச்சும் ஹப்புகளும் அப்படியே நிற்கின்றன, பேரிங்கும் வெளிவளையமும் சீலும் டயரும் மட்டும் புதியவை.

மட்கார்டுத் தகட்டின் அடியில் மங்காத ஆரஞ்சு வண்ணம் கிடைத்தது. வெளியே தெரிந்த சாம்பல் நிறம் பின்னாளில் யாரோ தூரிகையால் பூசியது. மணல் பீய்ச்சும் எண்ணத்தை விட்டுவிட்டேன். டிராக்டரின் பின்சக்கரங்கள் அச்சுக்குச் சற்று முன்னால் நிற்கும்போது முன்பாரம் 150 பவுண்டு காட்டியது. அந்த இடத்தில் புதிய ஓக் பலகையில் முட்டுக்கட்டைகளைத் திருகிவிட்டேன்.

ரிவெட் துளைகள் இரண்டும் இழுவைத் தண்டின் இடப்பக்கத்தில், ஒரே கிடைக்கோட்டில், இரண்டே முக்கால் அங்குல இடைவெளியில் இருக்கின்றன. ஆரஞ்சு நிறச் சாய்தள ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள், தங்கள் ட்ரெய்லரின் தகட்டை அளந்து, அதில் எழுதியிருப்பதையும் இங்கே பதிவிட்டால் பேருதவியாக இருக்கும்.