பழைய கண்காட்சிப் பதிவுகளைக் காப்பாற்ற யோசனை வேண்டும்

வணக்கம். ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் பழைய கண்காட்சிப் பதிவுகள் எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கின்றன: அழைப்பிதழ்கள், பார்வையாளர் கருத்தேடுகள், பெரியவர்கள் பேசிய ஒலிநாடாக்கள், புகைப்படங்கள், நெகட்டிவ்கள். நெகட்டிவ் பெட்டியைத் திறந்தாலே வினிகர் வாடை. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதையும்போது வரும் அமில ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்பதால் அவற்றை உடனே தனியாக எடுத்து வைத்துவிட்டோம். துருப்பிடித்த கிளிப்புகளையும் கழற்றியாச்சு.

சந்தேகம் இதுதான்: இருக்கிற பணத்துக்கு முதலில் நெகட்டிவை ஸ்கேன் செய்வதா, ஒலிநாடாவை டிஜிட்டலாக்குவதா? என் ஓட்டு ஒலிநாடாவுக்கு. அதை ஓட்டிக் கேட்கும் கருவிகளே அருகிவிட்டன. ஆனால் பேசியவர்களிடம் அனுமதி வாங்கியதற்கு எழுத்து எதுவும் இல்லை. இணையத்தில் போடலாமா?

அப்புறம், படங்களின் பின்னால் பென்சிலில் பெயர்கள் இருக்கின்றன (படத்தைவிட அந்தக் கிறுக்கல்தான் பல நேரம் வரலாறு). முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஒரே எண்ணில் சேர்ப்பது எப்படி? இந்த வேலையில் பழகியவர்கள் சொல்லுங்களேன்.